அடைக்கலம் தந்த வீடு

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரை எங்கள் மங்கலம்பேட்டைப் பெண்கள் பலர் அரசின் மகப்பேறு உதவித் திட்டத்தின் வழியாகவே அறிவர். பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், 18,000 ரூபாய் மதிப்பிலான அவ்வுதவியை நான் குறைத்து எண்ணமாட்டேன். எனினும், தொகையால் மட்டும் நிறைவேறாத ஒன்றையும் அவரது வாழ்க்கை உணர்த்துகிறது.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த அவர், 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் விளங்கினார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அதற்கான சட்டம் 1947-இல்தான் முழுமையாக நிறைவேறியது. காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து 1930-இல் பதவியைத் துறந்தார்.

அம்முறையிலிருந்து வெளியேறிய சிறுமியரை விடுதிகள் ஏற்க மறுத்தபோது, அவர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். அந்த அடைக்கலமே ஔவை இல்லமாக வளர்ந்தது. உணவும் கூரையும் போதா, தமக்கு உரியவர் என்று நம்பத்தக்க ஒருவர் வேண்டும் என்பதை அவரது செயலில் காண்கிறேன்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், 1951-இல், ஆங்கிலேய உளவியல் மருத்துவர் ஜான் பவுல்பி உலக சுகாதார நிறுவனத்துக்கு அளித்த அறிக்கை இதே கருத்தை அறிவியலாக முன்வைத்தது. அதிலிருந்து வளர்ந்த பற்றுறவுக் கோட்பாட்டின் அடிப்படையில் இன்று பல நாடுகளில் குடும்பநலப் பணியாளர்கள் பயிற்சி பெறுகின்றனர். குழந்தையின் அழுகையைப் பிடிவாதம் என்று அடக்காமல், பாதுகாப்புக்கான அழைப்பாகக் கொள்ள அப்பயிற்சி பழக்குகிறது. பெற்றோரைக் குற்றம் சாட்டுமுன் அவர்களது அச்சத்தையும் கேட்கச் சொல்கிறது.

குழந்தைகளை இல்லங்களில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் கொள்கை. அங்கன்வாடி ஊழியர் முதல் குழந்தைகள் நலக் குழுவினர் வரை இப்பயிற்சி பெற்றால்தான் அக்கொள்கை நடைமுறையாகும். பயிற்சி பெற்றவரும் ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்து போவாராயின், குழந்தை மீண்டும் ஒரு பிரிவையே சந்திக்கும். பயிற்சிக்கான செலவும் வீணாகும். எனவே, பயிற்சியோடு பணிநிலைப்பும் தேவை.

1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் நிறுவிய அவர் 1968-இல் மறைந்தார். அவர் பெயரால் தாய்க்கு உதவும் அரசு, தாயற்ற குழந்தைக்கு நிலையான ஓர் உறவையும் உறுதிசெய்யட்டும்.