எழுமாற்றில் ஒழுங்கு கண்ட சந்திரசேகர்

தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்து உலகப் புகழ் பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரை வானியல் அறிஞராகவே நம்மில் பலர் அறிவர். நிகழ்தகவுக் கணிதத்துக்கு அவர் ஆற்றிய தொண்டு அந்தளவுக்குப் பேசப்படுவதில்லை.

1910 ஒக்டோபர் 19 ஆம் திகதி லாகூரில் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1930 இல் கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் சென்றார். அக்கடற்பயணத்தில் தொடங்கிய கணிப்பு, சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட திணிவுடைய வெண்குறுமீன் நிலைத்திருக்க முடியாது என்ற முடிவுக்கு அவரை இட்டுச் சென்றது. 1935 ஜனவரியில் லண்டனில் அதனை அவர் விளக்கியபோது, பேரறிஞர் எடிங்டன் அதே அவையில் எள்ளி நகையாடினார். நியாயம் இளைஞரின் பக்கமே என்று அறிந்த பௌதிகவியலாளர்களும் வெளிப்படையாகப் பேச முன்வரவில்லை. சந்திரசேகர் மனமுடைந்து ஒதுங்கிவிடவில்லை. 1937 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இணைந்தார். 1939 இல் தம் ஆய்வை நூலாக்கிவிட்டு வேறு துறைக்குத் திரும்பினார்.

அதன் விளைவுகளுள் ஒன்றே, எழுமாற்றுச் செயன்முறைகள் பற்றி 1943 இல் அவர் வெளியிட்ட நெடுங்கட்டுரை. சமதளத்தில் எட்டுக்கு எட்டு எழுமாறாகத் திசை மாறி நடப்பவன் இறுதியில் எங்கே நிற்பான்? 1905 இல் கார்ல் பியர்சன் எழுப்பிய இவ்வினாவே அதன் தொடக்கம். ஓர் எட்டின் திசையை எவராலும் முன்கூற முடியாது. ஆயினும் 100 எட்டு வைத்தவன் புறப்பட்ட இடத்திலிருந்து ஏறத்தாழ 10 எட்டுத் தூரத்தில் நிற்பான் என எதிர்பார்க்கலாம். இக்கணிதத்தையே திரவத்தில் அலையும் துணிக்கைக்கும், அயல் விண்மீன்களால் அலைக்கழிக்கப்படும் விண்மீனுக்கும் அவர் பிரயோகித்தார்.

இது நமக்குத் தொலைவான விடயமன்று. வற்றாத ஆறில்லாத யாழ். குடாநாட்டில், மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் ஒழுங்கற்ற துளைகள், வெடிப்புகள் வழியே இறங்கியே கிணறுகளை நிரப்புகிறது. தோட்டங்களில் அளவுமிஞ்சி இடப்படும் பசளையின் நைத்திரேற்றும் அவ்வழியே இறங்குகிறது. இத்தகைய எழுமாற்று வலைகளில் நீர் ஊடுருவுவதற்கான கணிதத்தை 1957 இல் புரோட்பென்ட்டும் ஹமர்ஸ்லியும் தொடக்கிவைத்தனர். இருபரிமாணச் சதுர வலையில் இணைப்பு ஒவ்வொன்றும் திறந்திருக்கும் நிகழ்தகவு சரிபாதியைத் தாண்டினாலே நீர் எல்லையின்றிப் பரவும் என்பதை 1980 இல் கெஸ்டன் நிறுவினார்.

விண்மீன்களின் அமைப்பு, பரிணாமம் பற்றிய ஆய்வுகளுக்காக 1983 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட சந்திரசேகர், 1995 ஓகஸ்ட் 21 ஆம் திகதி காலமானார். அவமதிப்புக்குப் பின்னரும் கற்பதை நிறுத்தாத வாழ்வு அவருடையது. நிகழ்தகவைப் பரீட்சைப் புள்ளிக்கான பாடமாக மட்டும் கருதும் எமது தமிழ், முஸ்லிம் மாணவர்கள் இவ்வாழ்வை அறிதல் வேண்டும். எமது கிணற்று நீரைக் காப்பதற்கான கணிதத்தை நாளை எழுதவேண்டியவர்கள் அவர்களே.