இரண்டாயிரம் ரூபாய் மகிழுந்து

ஜி.டி. நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள கலங்கல் எனும் சிற்றூரில் பிறந்தார். கோபாலசாமி துரைசாமி நாயுடு என்பது அவரது முழுப்பெயர். பள்ளிப் படிப்பில் அவருக்கு நாட்டமில்லை. ஒருநாள், ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். அதை வாங்குவதற்காகக் கோவையில் ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்தார். வாங்கிய வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். அதுவே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

1920ஆம் ஆண்டில் பேருந்து ஒன்றை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அம்முயற்சி சில ஆண்டுகளில் பெரிய பேருந்து நிறுவனமாக வளர்ந்தது. 1937ஆம் ஆண்டில் அவரது தொழிற்கூடத்திலிருந்து உள்நாட்டிலேயே தயாரிக்கப்பட்ட மின்மோட்டார் வெளிவந்தது. மின்சவரக் கத்தி, வானொலி எனப் பல பொருள்களையும் அவர் உருவாக்கினார். தரமான பொருள் எளியவருக்கும் எட்டும் விலையில் கிடைக்க வேண்டும் என்பதே அவரது நோக்கம்.

அந்நோக்கத்தின் உச்சமாக, 1952ஆம் ஆண்டில் இருவர் அமரக்கூடிய சிறிய பெட்ரோல் மகிழுந்து ஒன்றை உருவாக்கினார். அதன் விலை ஏறத்தாழ 2,000 ரூபாய். அக்காலத்தில் மகிழுந்து செல்வந்தர்களின் உடைமையாகவே இருந்தது. ஆனால், இந்தியாவில் பெருந்தொழில் தொடங்க அரசின் உரிமம் தேவைப்பட்டது. நாயுடுவுக்கு அந்த உரிமம் கிடைக்கவில்லை, தயாரிப்பு நின்றுபோனது.

இந்தியாவில் மாருதி 800 எனும் சிறிய மகிழுந்து 1983ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. நம் நாட்டிலோ அரசே முன்னின்று புரோட்டோன் நிறுவனத்தைத் தொடங்கியது. 1985ஆம் ஆண்டில் புரோட்டோன் சாகாவும் 1994ஆம் ஆண்டில் பெரோடுவா கஞ்சிலும் வெளிவந்தன. இன்று கூலாய்ச் சாலைகளில் நடுத்தரக் குடும்பங்கள் சொந்த மகிழுந்தில் செல்வது இயல்பான காட்சி. ஒருவரின் அறிவுத்திறனோடு நாட்டின் ஆதரவும் சேர்ந்தால்தான் ஒரு கண்டுபிடிப்பு மக்களைச் சென்றடையும் என்பதை இவ்விரு வரலாறுகளும் காட்டுகின்றன.

தடை கண்டு நாயுடு சோர்ந்துவிடவில்லை. இளைஞர்கள் கைத்தொழில் கற்க வேண்டும் என இறுதிவரை வலியுறுத்தினார். 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார். அவரது மகிழுந்து சாலைக்கு வராமல் போயிருக்கலாம். எளியவருக்கும் வாகனம் வேண்டும் எனும் அவரது எண்ணம் காலத்தை முந்திச் சென்றது.