தந்தை திறந்த கதவு

நம் பெண்மக்களுக்காக நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்கள் தேனாம்பேட்டையில் கல்லூரி கண்டது 1955-ல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு பெண் கல்லூரிப்படி ஏறுவது எத்துணைக் கடினம் என்பதை அறிய, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வரலாறு ஒன்றே போதும்.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். தாயார் தேவதாசி மரபினர். ஊரார் ஏச்சுக்குக் கேட்கவா வேண்டும்? பருவமடைந்ததும் பள்ளி நின்றது. திருமணப் பேச்சும் எழுந்தது. தந்தை நாராயணசாமியோ மகளை வீட்டில் வைத்தே படிக்க வைத்தார். ஆண்கள் கல்லூரியில் சேர்க்க எதிர்ப்பு மூண்டபோது மன்னர் இடம் தந்தார். திரைமறைவில் அமர்ந்து கற்றாராம். நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதல்லவே! 1912-ல் சென்னையில் மருத்துவரானார்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரை அவர் மறக்கவில்லை. எழுபதை நெருங்கும் வயதில், 1954-ல், அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டார். 1968-ல் மறைந்தார், நோயாளிகள் இன்றும் அங்கு வந்தவண்ணம் உள்ளனர்.