ஆணைக்கு ஆயத்தமாயிருந்த துறவி

ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890-ஆம் ஆண்டு முனுசாமி என்னும் பெயருடன் தோன்றியவரே சுவாமி சகஜானந்தர். திண்டிவனம் மிஷன் பள்ளியில் கற்றார். கோலார் தங்கவயலில் சிலகாலம் வாழ்ந்தார். பின்னர் வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளை அடைந்து, துறவு பூண்டு, வேதாந்தம் பயின்றார். பட்டம் தாராத அப்படிப்பு எதற்கு என வினவும் இளைஞர் நம்மிடையே உண்டு. நந்தனார் பெயர் விளங்கும் சிதம்பரத்திற்குச் செல்க எனக் குரு பணித்தபோது, இருபது வயதில் தன்னந்தனியே புறப்படும் திண்மையைத் தந்தது அப்பயிற்சியன்றோ? குருவின் சொல்லை இறைவன் ஆணையாகவே அவர் தலைமேற்கொண்டார் என நாம் கருதுகிறோம். 1910-இல் தில்லை சேர்ந்தவர், தியானத்தோடு அமைந்துவிடவில்லை. ஆலயக் கதவு நம்மவர்க்கு அடைபட்டிருந்த அவ்வூரிலேயே 1916-இல் நந்தனார் பள்ளியைத் திறந்தார். சட்டமன்றத்திலும் நம்மவர்க்காக வாதாடினார். 1959 மே முதல் நாள் மறைந்தார். அவர் திறந்த பள்ளி நந்தனார் பெயராலேயே அரசுப் பள்ளியாக இன்றும் நடைபெறுகின்றது.