தளிர் கண்டு மகிழ்ந்த ஆசான்

கருங்குழியில் என் வீட்டுத் திண்ணையில் மாலைதோறும் பள்ளிப் பிள்ளைகள் சிலருக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். கேள்வியைக் கேட்ட கையோடு விடையையும் நானே சொல்லிவிடுவது என் வழக்கமாக இருந்தது. தேர்வில் வினா சற்றே மாறி வந்தபோது பிள்ளைகள் திகைத்துப்போயினர். பிழை என்னுடையது. அதன்பின் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை மீண்டும் எடுத்துப் படித்தேன்.

1815-இல் திருச்சிராப்பள்ளிப் பகுதியில் பிறந்தவர் அவர். தந்தையே முதல் ஆசிரியர். பிறகு, கற்றவர்களை நாடிச் சென்று பாடம் கேட்டார். தண்டியலங்காரம் அறிந்த பரதேசி ஒருவர் தெருத்தெருவாக இரந்து திரிந்தபோது, அவர் பின்னாலேயே நடந்து அந்நூலைக் கற்றார்.

அரிதிற் பெற்ற கல்வியைப் பிறருக்கு அவர் எளிதாக்கினார். வறுமையிலும் மாணவர்களுக்கு உணவிட்டார். சாதி, சமயம் பார்க்கவில்லை. கிறிஸ்தவரான சவரிராயலு நாயகரும் இஸ்லாமியரான குலாம்காதிறு நாவலரும் அவரிடம் பயின்றவர்களே. மாணவரைக் கடிந்து பேசுவது அவர் இயல்பன்று.

1871-இல் மாயூரத்தில் 16 வயது சாமிநாதன் அவரிடம் வந்து சேர்ந்தார். தொடக்கத்தில் மூத்த மாணவர் ஒருவரிடமே பாடம் கேட்க நேர்ந்ததில் அவருக்கு ஏக்கம். விடியற்காலையில் ஆசிரியர் தம் தோட்டத்து மரங்களில் புதுத் தளிர்களைத் தேடி மகிழ்வதைக் கவனித்தார். தாமும் முன்னதாக எழுந்து தளிர்களைக் கண்டு காட்டினார். பேச்சு தளிரிலிருந்து படிப்புக்கு நகர்ந்தது. இளைஞரின் ஆர்வத்தை உணர்ந்த ஆசான் தாமே பாடம் சொல்லத் தொடங்கினார். பாடம் கேட்பதோடு நிறுத்தாமல், சொந்தமாகச் செய்யுள் இயற்றவும் பழக்கினார்.

1876-இல் பிள்ளை மறைந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரான சாமிநாதையரிடம், சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். ஆசானிடம் அவர் பாடம் கேட்டிராத நூல் அது. இனிக் கேட்கவும் வழியில்லை. ஏடுகளை ஒப்பிட்டார், சமணரிடம் சென்று ஐயம் தெளிந்தார், 1887-இல் நூலை அச்சிட்டார். பிள்ளை இயற்றிய தலபுராணங்கள் பல. எனினும், தாம் சொல்லித்தராத நூலையும் தானே கற்றுத் தெளியும் ஒரு மாணவரை உருவாக்கியதே அவருடைய பெருஞ்சாதனை என்பேன்.

இப்போது திண்ணையில் கேள்வி கேட்டபின் நான் காத்திருக்கிறேன். முதல் சில நாள்கள் அந்த மௌனம் எனக்கே கடினமாக இருந்தது. நேற்று ஒரு சிறுமி, தவறாகத்தான், ஆனால் தானே யோசித்து ஒரு விடை சொன்னாள். எப்படி அந்த விடைக்கு வந்தாய் என்று கேட்டேன். விளக்கத் தொடங்கியவள், பாதியிலேயே தன் பிழையைக் கண்டுகொண்டாள்.