ஔவையின் நரை

ஔவை என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பவள் ஒரு கிழவி. நரைத்த தலை, வளைந்த முதுகு, நெற்றியிலே நீறு, கையிலே கோல். ஏடு தொடக்கிய குழந்தை எழுத்தோடு எழுத்தாகக் கற்பது அவள் பெயரால் வழங்கும் ஆத்திசூடியையே. தமிழ் கூறும் நல்லுலகில் இவளைப்போல் எல்லா வீட்டிலும் உரிமையோடு நுழைந்த மூதாட்டி வேறொருத்தி இலள். எனினும், இந்த நரை அவளுக்கு எப்போது வந்தது, எதற்காக வந்தது என்று நாம் கேட்பதில்லை. அதனைக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன், சங்ககாலத்து ஔவையாரின் வாழ்வை அவர்தம் பாட்டுக்கள் காட்டும் அளவில் சொல்லிவிடுதல் முறை.

சங்கத் தொகைநூல்களிலே ஔவையார் பெயரால் உள்ள பாட்டுக்கள் 59. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. சங்கப் பெண்பாற் புலவருள் இத்துணைப் பாட்டுக்களைப் பாடியவர் பிறரிலர். அவருடைய பெற்றோர் யார், பிறந்த ஊர் யாது என்பனவற்றைப் பாட்டுக்கள் சொல்லவில்லை. அவை சொல்வதெல்லாம் அவர் யாரோடு வாழ்ந்தார், எதற்காக மகிழ்ந்தார், எதற்காக அழுதார் என்பவற்றையே.

அவர் வாழ்வின் நடுநாயகன் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி. தகடூர் இன்றைய தருமபுரி. அஞ்சியைப் புலவர்தம் கற்பனையென்று தள்ளிவிட இயலாது. திருக்கோவலூரை அடுத்த சம்பை என்னும் சிற்றூரில் 1981 இல் கண்டெடுத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி என்பான் குகைப் படுக்கை ஒன்றை ஈந்த செய்தியைக் கூறுகின்றது. அசோகன் சாசனத்திலே காணும் சதியபுத்திரர் மரபினன் அவன் என்பதையும் அக்கல்வெட்டே உறுதி செய்தது. ஔவையார் பாடிய மனிதன் கல்லிலும் எழுந்து நின்றான்.

இவ்வஞ்சியின் வாயிலுக்கு ஔவையார் வந்தது பரிசில் பெறும் பாடுநராக. பேராசிரியர் கைலாசபதி 1968 இல் வெளியிட்ட தமிழ் வீரயுகப் பாடல் பற்றிய ஆங்கில நூலைப் பயின்றோர், பாணரும் விறலியரும் ஊர் ஊராகச் சென்று பாடிப் பிழைத்த அக்கால வாழ்வை நன்கு அறிவர். ஔவையாரின் புறப்பாட்டொன்றிலே பகைவேந்தன் ஒருவன் பாடுமகளைப் பார்த்து, உங்கள் நாட்டிலே போர் செய்வாரும் உளரோ என்று வினவுகின்றான். வினவும்போது அவளை ஒளிபொருந்திய நெற்றியும் மையுண்ட கண்ணும் உடைய இளம் விறலியென விளிக்கின்றான். பாட்டிலே பேசுபவளும் பாடியவரும் ஒருவரே எனக் கொள்ளத் தயங்குவோர் உளர். தயங்கினும் ஒன்று தெளிவு: அம்மன்னன் கண்ணிலே நரை தென்படவில்லை. கோலால் அடித்தாலும் அஞ்சாத பாம்புபோன்ற மறவர் எம் நாட்டிலுண்டு, மன்றிலே தொங்கும் முரசிற் காற்று மோதி ஒலித்தாலும் போர் வந்ததென்று எழும் என் தலைவனும் உளன் என்று அவள் விடை கூறுகின்றாள்.

அஞ்சியும் ஔவையாரும் முதலிலேயே இணங்கிவிடவில்லை. ஒருமுறை அவன் பரிசில் தரக் காலம் நீட்டித்தான். ஔவையார் இரந்து நிற்கவில்லை. வாயிற்காவலனை அழைத்து, உன் அரசன் தன் தரத்தை அறியானோ, என் தரத்தை அறியானோ என்னும் பொருள்படக் கேட்டுவிட்டு, யாழையும் பையையும் கட்டிக்கொண்டு புறப்பட ஆயத்தமானார். கோடரியோடு காட்டிற்குச் செல்லும் தச்சன் பிள்ளைகளுக்கு மரம் கிடையாமற் போகுமா? கல்வியுடையார்க்கு எத்திக்கிலும் உணவுண்டு என்பது அவர் துணிபு. தொழில் தெரிந்தவரின் பெருமிதம் அது.

பின்னர் மலர்ந்த நட்போ ஒப்பற்றது. ஏறற்கரிய மலைப்பிளவிலே பழுத்த நெல்லிக்கனி ஒன்று அஞ்சிக்குக் கிடைத்தது. உண்டாரை நெடுநாள் வாழ்விப்பது. அதன் பயனைச் சொல்லாமல் அதனை ஔவையார்க்கு அளித்தான். சொல்லியிருப்பின் அவர் வாங்கியிரார். அரசன் ஒருவன் தன் ஆயுளினும் ஒரு புலவரின் ஆயுளைப் பெரிதாக மதித்த செயல் இது. தொண்டைமானோடு பகை மூண்டபோது அஞ்சி தூதாக அனுப்பியதும் அவரையே. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டினான். இவை மாலை சூட்டி நெய் பூசிக் காவல் மிக்க மனையிலே அழகாக இருக்கின்றன. எம்மவன் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையிலே கிடக்கின்றன என்றார் ஔவையார். புகழ்ச்சியென்று கேட்டவன் அதற்குள்ளிருந்த இகழ்ச்சியையும் எச்சரிக்கையையும் உணர்ந்திருப்பான்.

அஞ்சி போரிலே மாண்டான். அவன் பொருட்டு ஔவையார் பாடிய கையறுநிலையை என் மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் அதன் தொடக்கத்திலே நான் சற்று நின்றுவிடுவதுண்டு. கள் சிறிதாயின் தமக்கே தந்துவிடுவான், மிகுதியாயின் தாம் பாடத் தானும் உடன் பருகி மகிழ்வான் என்று அவர் நினைந்து அழுகின்றார். அவன் மார்பைத் துளைத்த வேல் பாணர் உண்கலத்தையும் இரப்போர் கையையும் புலவர் நாவையும் துளைத்துச் சென்றது என்கின்றார். நடுகல்லாகிவிட்டவனுக்குப் படைக்கும் சிறுகலத்துக் கள்ளை, நாட்டையே கொடுப்பினும் கொள்ளாதவன் இனி ஏற்பானோ என்று மயங்குகின்றார். நெல்லிக்கனியை உண்டவர் இருந்தார், தந்தவன் போய்விட்டான்.

இவரே காதலின் வேகம் தாங்காது உறங்கும் ஊரை முட்டுவதா மோதுவதா எனத் தவிக்கும் பெண்ணின் குரலைக் குறுந்தொகையிலே பாடியவர். இவரே மூவேந்தரும் ஒருங்கிருக்கக் கண்டு, நாடு உம்மோடு வருவதன்று, செய்த நல்வினையே துணை என்று அவர்க்கு அறிவுறுத்தியவர்.

இத்தகைய பெண்மணியைப் பின்வந்த சமுதாயம் என் செய்தது? ஔவை என்னும் சொல் தாயையும் மூத்தாளையும் குறிப்பது; ஆகவே நரைக்கு இடம் பெயரிலேயே இருந்தது. நூற்றாண்டுகள் கழிந்து, சோழப் பேரரசுக் காலத்தவராகக் கருதப்படும் மற்றோர் ஔவையார் தோன்றினார். ஆத்திசூடியின் 109 அடிகளும், கொன்றைவேந்தனின் 91 அடிகளும், மூதுரை, நல்வழி வெண்பாக்களும் அவர் பெயரால் வழங்கலாயின. இருவரையும் கதை ஒருத்தியாக்கிற்று. மணம் பேச வந்தபோது, இளமையைப் போக்கி முதுமையைத் தருமாறு விநாயகரை வேண்டிக் கிழவியானாள் என்று கதை கூறிற்று. கபிலர் அகவல் வழிவந்த கதையோ ஆதி பகவன் மக்கள் எழுவரில் அவளையும் வள்ளுவரையும் சேர்த்ததோடு, அதிகமானையும் அவளுக்கு உடன்பிறந்தானாக்கிற்று. ஓர் அரசனும் ஒரு பாடுமகளும் ஒரே கலத்துக் கள்ளைப் பகிர்ந்துண்ட நட்புக்கு, உடன்பிறப்பு என்னும் வேலி தேவைப்பட்டது போலும்!

கதையின் உட்கிடை இதுதான் என்று நான் எண்ணுகின்றேன்: தனித்து வழி நடக்கவும், வேந்தர் அவையிலே வாய் திறக்கவும் ஒரு பெண் விரும்பின், முதலில் அவள் கிழவியாக வேண்டும். நரையே அவளுக்கு வழங்கிய அனுமதிச் சீட்டு. அச்சீட்டைப் பெற்றவள் வாயிலாகவே, பெண்ணின் பேச்சைக் கேளாதே என்று ஆத்திசூடியும், அறியாமை பெண்ணுக்கு ஆபரணமென்று கொன்றைவேந்தனும் ஓதுகின்றன. தூது சென்று போர்க்களத்துச் சொல்லால் வேந்தனை மடக்கியவரின் பெயரை இவ்வடிகள் தாங்கி நிற்பதைக் காண வியப்பும் துயரமும் ஒருங்கே எழுகின்றன.

அதற்காகக் கிழவியைத் துரத்திவிட வேண்டுமா? வேண்டா. நாவல் மரத்தடியிலே நின்று, சுட்ட பழமா சுடாத பழமா என்று கேட்ட மாட்டுக்காரச் சிறுவனிடம் தோற்றுச் சிரித்த கிழவி நம் உடைமை. முதுமையிலும் கற்கலாம், சிறுவனிடமும் கற்கலாம் என்று வாழ்ந்து காட்டியவள் அவள். நாஞ்சில்நாட்டுப் பெண்கள் செவ்வாய்க்கிழமை இரவிலே, ஆண்மக்களைப் புறத்தே நிறுத்தி, உப்பில்லாக் கொழுக்கட்டை படைத்து நோற்கும் ஔவை நோன்பிலும் அவளே வீற்றிருக்கிறாள். அங்கே அவள் ஆண்களுக்கு நீதி சொல்லும் ஆசிரியை அல்லள். பெண்கள் தமக்கென்று வைத்துக்கொண்ட தாய்.

உ. வே. சாமிநாதையர் 1894 இல் புறநானூற்றை அச்சேற்றியபோது, நெடுங்காலம் ஏட்டிலே உறங்கிய இளைய ஔவையார் மீண்டும் வெளிவந்தார். ஆயினும் மக்கள் மனத்தை ஆண்டவள் கிழவியே. 1953 இல் வந்த ஔவையார் திரைப்படத்திலே கே. பி. சுந்தராம்பாளின் கம்பீரக் குரல் அக்கோலத்தை இன்னும் ஆழப் பதித்தது. இருவரையும் ஒருங்கே மாணாக்கர்க்குக் காட்டுதல் ஆசிரியராகிய நம் கடன். கீழ்வகுப்பிலே ஆத்திசூடி சொன்ன அதே சிறுமிக்கு, மேல்வகுப்பிலே வாயிற்காவலன் முன் யாழைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்ற பெண்ணையும் காட்டுவோமாக. அறிவுடையவளாக மதிக்கப்படத் தன் தலை நரைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதை அவள் ஔவையாரிடமிருந்தே கற்றுக்கொள்ளட்டும்.