விளக்கேந்திய அம்மையாரின் கணக்கு



பிணியாளரைச் சந்திப்பது தருமக் கிரியைகளில் ஒன்று என்று ஞானோபதேச வகுப்பில் சிறு வயதிலேயே படித்திருக்கிறீர்கள். பிணியாளர் ஏன் சாகிறார்கள் என்று எண்ணிக் கணக்குப் பார்ப்பதும் அந்தத் தருமத்தைச் சேர்ந்ததுதானா? ஆம் என்று தமது வாழ்நாளால் காட்டிய ஒரு பெண்மணியின் சரித்திரத்தை இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறோம்.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1820-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி இத்தாலி தேசத்துப் பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் செல்வம் மிகுந்த ஆங்கிலேயர். சிறுமிக்குக் கணக்கில் அளவற்ற பிரியம். 1837-ம் ஆண்டு, பதினாறு வயதில், சர்வேசுரன் தம்மை ஒரு ஊழியத்துக்கு அழைப்பதாக உணர்ந்தார். அந்த ஊழியம் நோயாளிகளைப் பேணுவதே என்று பின்னர் தெளிந்தார். வீட்டாரோ சம்மதிக்கவில்லை. அக்காலத்தில் ஆஸ்பத்திரி வேலை நல்ல குடும்பத்துப் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று எண்ணப்பட்டது. அவர் விடியுமுன் எழுந்து ஆஸ்பத்திரி அறிக்கைகளைப் படித்தார். 1851-ம் ஆண்டில் ஜெர்மனியிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் மூன்று மாதம் பயிற்சி பெற்றார்.

1854-ம் ஆண்டு கிரிமியா யுத்தம் நடந்துகொண்டிருந்தது. காயமடைந்த ஆங்கிலச் சிப்பாய்கள் துருக்கி தேசத்து ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரியில் கவனிப்பாரின்றிக் கிடக்கிறார்கள் என்ற செய்தி லண்டனுக்கு எட்டியது. அம்மையார் 38 பெண்களுடன் புறப்பட்டு, நவம்பர் 4-ந் தேதி அங்கே போய்ச் சேர்ந்தார். அவர் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். ஆயினும் அந்த 38 பேரில் 10 பேர் நம் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள். அவர்களில் பெர்மாண்ட்சி மடத்துச் சிரேஷ்ட தாயார் மேரி கிளேர் மூர் அம்மையாருக்கு வலக்கை போல் இருந்தார். அந்தச் சிநேகிதம் தாயார் 1874-ல் இறக்கும்வரை குறையவேயில்லை.

அம்மையார் சமையற்கட்டைச் சீர்ப்படுத்தினார், துணி வெளுக்க ஏற்பாடு செய்தார், இரவில் விளக்கை ஏந்திக் கட்டில் கட்டிலாய்ப் போய்ப் பார்த்தார். இவ்வளவு செய்தும் மரணம் குறையவில்லை. 1855 பிப்ரவரியில் நூறு நோயாளிகளுக்குச் சுமார் 42 பேர் வீதம் இறந்தார்கள். அவர்களில் பலரைக் கொன்றது காயமல்ல. காய்ச்சலும் சீதபேதியும் வாந்திபேதியுமே. பசியும் குளிருமே காரணம் என்று பலர் நினைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. குடிநீர் வரும் வழியில் செத்த மிருகம் அழுகிக் கிடந்தது. மார்ச்சு மாதம் சுகாதாரக் குழு ஒன்று இங்கிலாந்திலிருந்து வந்து சாக்கடைகளைக் கழுவி, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, காற்றுக்கு வழி செய்தது. ஜூன் மாதத்துக்குள் மரணம் நூற்றுக்குச் சுமார் 2 ஆகக் குறைந்தது.

வாசகர்களே, இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். அம்மையாரின் அன்பு பிப்ரவரியில் குறைந்ததுமில்லை, ஜூன் மாதத்தில் கூடியதுமில்லை. காரணம் அறியாத அன்பு கண்ணீர் துடைத்தது. காரணம் அறிந்தபின் உயிர் பிழைத்தது.

1856-ல் ஊர் திரும்பிய அம்மையாருக்கு நாடெங்கும் புகழ்ச்சி. அவரோ அதை நாடாமல், உடல் நலிந்து படுக்கையில் கிடந்தபடியே கணக்கில் இறங்கினார். ஸ்கூட்டாரியில் செத்தவர் தொகைகூட ஒரு புத்தகத்துக்கு மற்றொரு புத்தகம் ஒத்துவரவில்லை! வில்லியம் ஃபார் என்னும் புள்ளிவிவர நிபுணரின் துணையோடு அவற்றைச் சீர்செய்தார். சமாதான காலத்தில், சொந்த நாட்டுப் பாசறையிலேயே, சிப்பாய்கள் அதே வயதுள்ள ஊராரைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு சாகிறார்கள் என்று கண்டார். எண்களைப் படிக்கப் பொறுமையில்லாத மந்திரிகளுக்காக வர்ணப் படம் வரைந்து காட்டினார். 1858-ல் லண்டன் புள்ளிவிவரச் சங்கம் முதன்முதலாக ஒரு பெண்ணை, அதாவது இவரை, அங்கத்தினராக ஏற்றது.

நம் இந்தியாவுக்கு அவர் வந்ததேயில்லை. ஆயினும் இங்கிருந்த படைமுகாம்களுக்கெல்லாம் கேள்விப் பட்டியல் அனுப்பி விடை வாங்கினார். ஆங்கிலச் சிப்பாய்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் சாவதாக 1863-ம் ஆண்டு அறிக்கை சொல்லிற்று. தண்ணீரும் சாக்கடையும் கவனிக்கப்பட்டபின், 1873-ல் அது 18 ஆகக் குறைந்ததாக அவர் எடுத்துக்காட்டினார்.

எல்லாவற்றிலும் கடினமான சோதனை இனித்தான் வந்தது. 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் தாதியர் பள்ளியை ஏற்படுத்திய அம்மையார், சிறிது காலத்தில் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிகளைப் பயிற்றுவிக்க ஒரு பிரசவ வார்டும் திறக்கச் செய்தார். ஏழைத் தாய்மாருக்கு உதவும் நல்ல எண்ணந்தான். ஆனால் பிரசவ ஜுரம் கண்டு தாய்மார் இறந்தார்கள். வேறொருவராயிருந்தால் விதி என்று சொல்லி மறைத்திருப்பார். 1867-ல் அந்த வார்டு மூடப்பட்டது. அம்மையார் அத்தோடு நிற்காமல் பல ஊர்களின் பிரசவக் கணக்கைத் திரட்டினார். குடிசையில் பெறுகிறவளைவிட, பிரசவ ஆஸ்பத்திரியில் பெறுகிறவளுக்கே அக்காலத்தில் ஆபத்து அதிகம் என்று 1871-ல் புத்தகமாகவே அச்சிட்டு அறிவித்தார். தாம் நட்ட மரத்தைத் தாமே வெட்ட மனவுறுதி வேண்டாமா? தம் பேரைவிடத் தாய்மாரின் உயிர் அவருக்குப் பெரிதாயிருந்தது.

1910-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி, தமது 90-ம் வயதில், அவர் லண்டனில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யலாம் என்றபோது உறவினர் வேண்டாமென்று, கிராமக் கோவிலில் குடும்பக் கல்லறையிலேயே வைத்தார்கள்.

தாய்மார்களே, உங்கள் மகள் நர்சு வேலைக்குப் படித்து, இரவெல்லாம் காய்ச்சல் அளவையும் நாடித் துடிப்பையும் குறித்துக்கொண்டிருந்தால், இது என்ன எழுத்து வேலை என்று ஏளனம் செய்யாதீர்கள். அந்த எண்களிலிருந்துதான் நாளை ஒரு பிள்ளை பிழைக்கும் வழி பிறக்கும். வீட்டிலும் ஒருவர் நோயுற்றால், ஜுரம் எப்போது ஏறிற்று, என்ன தண்ணீர் குடித்தார் என்று குறித்துவைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். நோயாளிக்காக செபமாலை சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் கிணற்றடியையும் சாக்கடையையும் ஒரு முறை போய்ப் பாருங்கள். பிணியாளரில் தம்மைக் காணச் சொன்ன சேசுநாதர் சுவாமி, இரண்டையும் தமக்கே செய்ததாக ஏற்றுக்கொள்வார்.